கியாப்போவைவிடக் கிட்டத்தில் ஹாங்காங்

மணிலாவில் கூபாவோவுக்கும் கியாப்போவுக்கும் இடையே ஜீப்னி என்கிற பயணிகள் வண்டி ஓட்டிய எஸ்தேபான் மல்லாரியை, அந்தத் தடத்தில் தினமும் போய்வந்தவர்கள் மாங் தேபான், அதாவது தேபான் ஐயா, என்றே கூப்பிட்டார்கள். ஆள் குள்ளம், தோள் மட்டும் இரண்டு ஆளுக்கானது. வண்டியின் நெற்றியில் சிவப்பும் மஞ்சளுமாக 'லூனிங்னிங்' என்று மனைவியின் பெயரை எழுதி வைத்திருந்தார். மற்ற ஓட்டுநர்கள் இருக்கை நிறைந்ததும் பறந்துவிடுவார்கள். இவர் மட்டும் மேம்பாலத்தடியில் குடையை மடக்க முடியாமல் ஓடிவருகிறவர்களுக்காக நிறுத்துவார். பின்னாலிருந்து யாராவது முணுமுணுத்தால், "நாளைக்கு நீங்க ஓடி வருவீங்க, அன்னைக்கும் நிப்பேன்" என்பார்.

அவரிடம் ஒரே ஒரு கோளாறு. இன்னொருத்தர் ஓட்டும் வண்டியில் அவரால் நிம்மதியாக உட்கார முடியாது. பேருந்தில் ஏறினாலும், மச்சான் வண்டியில் ஏறினாலும், வலது கால் தானாகவே இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்திக்கொண்டிருக்கும். இறங்கும்போது தொடை வலிக்கும். அதனாலேயே தவிர்க்க முடியாத பயணம் தவிர எங்கும் போகமாட்டார்.

அந்த லூனிங்னிங், சுருக்கமாக நிங், ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை பார்த்தாள். மகள் ரோவெனா ஆரம்பப் பள்ளியை முடித்த வருடம் போனவள். ரோவெனா இப்போது மருந்துக் கடையில் வேலைக்குப் போகிறாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நிங் பெட்டிகளோடு வருவாள், இரண்டு வாரம் இருப்பாள், போய்விடுவாள். மற்ற நாட்களில் செல்போனில் முகம். தேபான் எப்போதாவது சுணங்கிப் பேசினால், "பக்கத்துலதானே இருக்கேன்" என்பாள். அவர் அதை ஆறுதலுக்குச் சொல்லும் வார்த்தையாகத்தான் எடுத்துக்கொண்டார். மாமியார் வீடு பீக்கோல் பகுதியில் இருந்தது. அங்கே போக பேருந்தில் முழுசாக ஒரு பகல் ஆகும். அங்கேயே வருடத்துக்கு இரண்டு தடவை போய்வர முடிகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரமுடிகிற ஊர் அதைவிடக் கிட்டத்தில் எப்படி இருக்கும்? அவர் மனசு போட்டு வைத்திருந்த கணக்கு அது. ஹாங்காங் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் வடக்கே கையைக் காட்டுவார். கை காட்டிய பக்கம் சரிதான். தூரம்தான் மனசில் பத்து மடங்காக இருந்தது.

அந்தக் கணக்கு உடைந்தது ஓர் ஆகஸ்ட் மழையில். கியாப்போவில் தேவாலயத்தருகே முன் இருக்கையில் ஏறினாள் ஒரு செவிலி. வெள்ளைச் சீருடை, நனைந்த முடி, காதில் போன். "உக்காந்துட்டியா? ஜன்னல் சீட்டா? சரி, போனை அணைச்சு வை, திட்டுவாங்க" என்று யாரிடமோ சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேபான் பார்க்காத மாதிரி கியரை மாற்றினார்.

எஸ்பானா சாலை அன்றைக்கும் ஏரியாகிவிட்டது. மழைக்கு அந்தச் சாலை ஏரியாவது புதிதில்லை. பல்கலைக்கழகத்து வாசலில் தண்ணீர் படியைத் தொட்டது. வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக யானைக்கூட்டம் மாதிரி நின்றன. மாணவர்கள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒருவன் மிதக்கவிட்ட மரப்பலகையில் ஆட்களை இழுத்துக் கரையேற்றிக் காசு பார்த்தான். உள்ளே இருந்தவர்கள் தூங்கினார்கள், விழித்தார்கள், மறுபடி தூங்கினார்கள். தேபான் என்ஜினை அணைத்து அணைத்துக் கிளப்பினார்.

செவிலியின் போன் அடித்தது.

"இறங்கிட்டியா? அதுக்குள்ளயா?" என்றாள். குரலில் அழுகை போய் ஆச்சரியம் வந்திருந்தது. பேசி முடித்ததும் தேபான் கேட்டார்.

"யாரு தங்கச்சியா?"

"ஆமா மாங். ஹாங்காங்குக்கு வேலைக்குப் போயிருக்கா. முதல் தடவை."

"எப்பக் கிளம்பினா?"

"நான் உங்க வண்டில ஏறும்போதுதான் அவ விமானத்துல உக்காந்திருந்தா. அவ போயே சேர்ந்துட்டா. நாம இன்னும் ரவுண்டானாவே தாண்டல."

பின்னாலிருந்தவர்கள் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். அடுத்த தடவை கூபாவோவுக்கு ஹாங்காங் வழியாகவே போய்விடலாம் என்றார் ஒருவர். தேபான் சிரிக்கவில்லை. முன்னால் நின்ற பேருந்து நகர்ந்தது, அதற்குப் பின்னால் இடம் விழுந்தது, பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் நகர்த்தவே இல்லை. செவிலி முழங்கையைத் தொட்டு, "மாங், போகலாம்" என்ற பிறகுதான் கை கியருக்குப் போனது.

கூபாவோ நிறுத்தத்தில் ஆள் கூவி ஏற்றுகிற டெம்யோங் அவருடைய இருபது வருட நண்பன். குரல் உடைந்து போனவன், வாய் மட்டும் உடையாதவன். தேபான் அவனிடம் விஷயத்தைச் சொன்னார். டெம்யோங் புருவத்தைக்கூடத் தூக்கவில்லை.

"ரெண்டு மணி நேரம்தான் பரே. ஊருக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா தெரியாது" என்றார் தேபான்.

அன்று மாலை நிங்கின் முகம் போனில் வந்ததும் அவர் குற்றம் சாட்டுகிற மாதிரிதான் ஆரம்பித்தார். இவ்வளவு கிட்டத்திலேயா இருக்கிறாய் என்று. இத்தனை வருடமாக அதைத்தானே சொல்கிறேன் என்றாள் அவள். அப்படியென்றால் அடிக்கடி வந்திருக்கலாமே என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் விடுமுறை, அதிலும் இருட்டியதும் வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும் என்றாள். பிறகு வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுப் போனைக் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

"என்னால வரமுடியாது. நீ வரலாமே, தேபான்?"

அவர்கள் தெருவில் வெளிநாடு போவது பெண்கள். வழியனுப்பிவிட்டு வந்து சோறு வடிப்பது ஆண்கள். போனவர்களைப் போய்ப் பார்க்கலாம் என்று அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. அவருக்கும்தான்.

அவர் விண்ணப்பித்திருந்த பாஸ்போர்ட் வந்தது. ரோவெனா போனிலேயே டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். ஞாயிறு காலை போய் அன்று மாலையே திரும்புகிற பயணம். மகள் விடிவதற்கு முன்பே கிளம்பச் சொன்னாள். தேபானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மணிலா ரோட்டப் பத்தி எனக்கே பாடம் எடுக்குறியா?" என்றார். மகள் சொன்ன நேரத்தில் அடுப்பில் லாயிங் கொதித்துக்கொண்டிருந்தது. காய்ந்த சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் மிளகாயோடு சுண்ட வைக்கிற பீக்கோல் சமையல். நிங்குக்கு உயிர். பாதி வெந்த இலை தொண்டையை அரிக்கும், அவசரப்படுத்த முடியாது. இறக்கி ஆறவைத்து டப்பாவில் அடைத்து, டாக்சி பிடிக்கும்போது வெயில் ஏறியிருந்தது.

டாக்சி ஓட்டியவன் சின்னப் பையன். எட்சா சாலையிலேயே போகிறேன் என்றான். எட்சாவா, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கூட்டம் இருக்கும், இடது பக்கம் திரும்பு என்றார் தேபான். வலது கால் பாயை அழுத்தியபடியே, இங்கே ஒடி, அங்கே நுழை என்று சந்து சந்தாகக் கூட்டிக்கொண்டு போனார். உண்மையிலேயே நல்ல வழி அது. விமான நிலையத்துக் கோபுரம் தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில் வந்துவிட்டார்கள். கடைசிச் சந்தில் திரும்பியதும் பித்தளை வாத்தியம் கேட்டது.

அந்தப் பேட்டைக்குத் திருவிழா. எதிரே குழந்தைகள் தோரணக் கொடி பிடித்து வந்தார்கள், வாத்தியக்காரர்கள் வந்தார்கள், அதற்கும் பின்னால் பூவால் மூடிய பல்லக்கில் புனிதர் ஆடி ஆடி வந்தார். பின்னால் போகலாமென்றால் அங்கேயும் வண்டிகள் அடைத்துவிட்டன. பையன் என்ஜினை அணைத்தான். அண்ணனிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னான்.

"குயா, மெயின் ரோட்டுலயே போயிருக்கலாம்."

தேபான் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி ஓடினார். வாத்தியத்துக்கு நடுவே புகுந்து, புனிதருக்குச் சிலுவை போட்டுக்கொண்டு, பெருஞ்சாலையைக் குறுக்கே தாண்டி, சட்டை முதுகில் ஒட்ட விமானப் பதிவு முகப்பை அடைந்தபோது அதை மூடியாகிவிட்டது. அங்கே இருந்த பெண் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அதற்குமேல் அவளால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

நிங் அப்போதே ஹாங்காங் விமான நிலையத்துக்கு வந்து காத்திருந்தாள். பக்கத்தில் தோழி மாரிட்டெஸ். புதுச் சட்டை, லேசாக உதட்டுச் சாயம். போன் எடுத்ததும், "ஏறிட்டியா?" என்றாள்.

"இல்ல."

"எங்க இருக்க?"

"மணிலாவுல. வாசல்ல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று பயந்தார். பிறகுதான் தெரிந்தது, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். மாரிட்டெஸிடம் விஷயத்தைச் சொல்வதும், இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பதும் கேட்டது. ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிற டிரைவர் சொந்தப் பெண்டாட்டியைப் பார்க்க வரும்போது வண்டியைத் தவற விட்டானாம் என்று மாரிட்டெஸ் சொல்வதும் கேட்டது. சிரித்து முடித்த பிறகு நிங் கொஞ்சம் அழவும் செய்தாள். அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. அவள் அங்கே வருகைக் கூடத்திலும் அவர் இங்கே வாசல் பெஞ்சிலும் உட்கார்ந்து பகல் முழுக்கப் பேசினார்கள். டப்பாவைத் திறந்து சாப்பிடச் சொன்னாள். பக்கத்தில் யாரை வழியனுப்பவோ வந்திருந்த குடும்பத்தோடு பகிர்ந்து சாப்பிட்டார். காரம் போதுமா என்று கேட்டாள். கூடிப்போயிற்று என்றார். அப்படியானால் சரியாகத்தான் இருக்கும் என்றாள்.

அடுத்த முறை அவர் எட்சாவிலேயே போனார்.

விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கதவு மூடியதும் வலது கால் வேலையை ஆரம்பித்தது. மேலே ஏறியபோது மணிலா தீப்பெட்டி தீப்பெட்டியாகக் கீழே சரிந்தது. தான் காலம் முழுக்க ஊர்ந்த சாலையைத் தேடினார், கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு கடல். சாப்பாடு கொடுத்தார்கள், எடுத்துப் போனார்கள். ஒரு தூக்கம் போடலாமா என்று யோசிக்கும்போதே இறங்கப் போவதாக அறிவிப்பு வந்தது. சக்கரம் தரையைத் தொட்டபோது அவர் அழுத்திய அழுத்தில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். இவ்வளவுதானா என்று இருந்தது. ரோவெனாவுக்கு டெங்கு வந்து படுத்திருந்த வாரம், நிங்கின் அம்மா இறந்த நாள், இரண்டு பேரும் போனில் கத்திச் சண்டை போட்டுப் பேசாமலிருந்த மாதம், அத்தனையும் இந்த ஒரு தூக்கம் போடமுடியாத தூரத்துக்கு இரண்டு பக்கத்திலும் நடந்திருக்கின்றன.

நிங் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றிருந்தாள். இரண்டு பேருக்கும் கூச்சம். தங்களுக்குக் கல்யாணமாகி, மகளே வேலைக்குப் போகிறாள், என்றாலும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் அவருடைய பையை வாங்கிக்கொண்டாள். அவர் திரும்ப வாங்கிக்கொண்டார். அப்படியே நடந்தார்கள்.

அங்கே அவள் வேறு ஆளாக இருந்தாள். வேகமாக நடந்தாள். பழக்காரியிடம் அந்த ஊர்ப் பேச்சில் பேரம் பேசினாள், பழக்காரி தோற்றுச் சிரித்தாள். எந்த வாசலில் இறங்கினால் வெயில் படாது என்பது தெரிந்திருந்தது. சென்ட்ரல் பகுதியின் நடைபாலங்களில் அட்டையை விரித்து உட்கார்ந்திருந்த அவர்கள் ஊர்ப் பணிப்பெண்கள் நூறு பேராவது "ஆத்தே நிங்", நிங் அக்கா, என்று அழைத்தார்கள். ஒருத்திக்கு மருத்துவமனைக்கு வழி சொன்னாள், ஒருத்தியின் நகத்தைப் பார்த்துச் சாயம் நன்றாயிருக்கிறது என்றாள். தேபான் பின்னால் இரண்டடி தள்ளி, மூச்சு வாங்க வந்தார். இவளைப் பெட்டியோடு வந்து வீட்டு மூலையில் இரண்டு வாரம் தூங்கி எழுந்து போகிறவளாக மட்டுமே அவருக்குத் தெரியும். ஒரு பக்கம் பெருமை. இன்னொரு பக்கம், இவ்வளவையும் தான் பார்க்காமல் விட்டது குத்தியது.

டிராமின் மாடியில் முன் இருக்கையில் உட்கார வைத்தாள். கால் மறுபடி ஆரம்பித்தது. அவள் அவர் முழங்காலின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். "நான் பாத்துக்கறேன், நீ வேடிக்க பாரு" என்றாள்.

அதற்குப் பிறகு அவருக்கு ஹாங்காங் பயணம் பழக்கமாகிவிட்டது. மலிவு டிக்கெட் எப்போது விழும் என்று ரோவெனா பார்த்துச் சொல்வாள். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு ஞாயிறு. டெம்யோங் நிறுத்தத்தில் அவர் வண்டி வரும்போதெல்லாம், "கியாப்போ, கியாப்போ, அப்படியே ஹாங்காங்" என்று கூவினான். தெருவில் இன்னும் இரண்டு ஆண்கள் பாஸ்போர்ட் எடுத்தார்கள். லாயிங் செய்கிற பக்குவமும் கைவந்தது.

நிங்கின் வேலை ஒப்பந்தம் முடியப் போகிற வருடம் வந்தது. நிங் ஊரோடு வந்துவிடுவாள் என்று தேபான் நினைத்துக்கொண்டிருந்தார். கேட்டது கிடையாது, நினைத்துக்கொண்டிருந்தார். சமையலறைத் தரைக்குப் புது ஓடுகூடப் பதித்தாகிவிட்டது. ஒரு ஞாயிறு ஹாங்காங் படகுத்துறையில் உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னாள், இன்னும் ஒரு தடவை கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று. முதலாளியம்மாவின் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். அவரைத் தூக்கி உட்கார வைப்பது, ஊட்டுவது எல்லாம் நிங்தான்.

"வேற ஆளு கையால அவர் வாயத் திறக்க மாட்டாரு. அவர் போறவரைக்கும் இருக்கேன்னு சொல்லிட்டேன்."

"என்கிட்ட கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

அவர் குரலை உயர்த்தினார். உனக்கு நான் முக்கியமா அந்தக் கிழவன் முக்கியமா என்றார். எண்பது தாண்டிய, எழுந்து உட்கார முடியாத மனுஷன்மேல் பொறாமைப்படுகிறாயா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றார் தேபான். இனிமேல் வரமாட்டேன் என்றும் சொன்னார். அவள் பேருந்து ஏற்றிவிட வந்தாள், வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த வாரங்களில் போனில் ரோவெனாதான் இருவருக்கும் நடுவே பேசினாள். அப்பா சாப்பிட்டாச்சாம். அம்மாவுக்குச் சளியாம். டெம்யோங் ஹாங்காங்கைக் கூவுவதை நிறுத்தினான். தேபான் புது ஓடுகளை முறைத்துக்கொண்டே தேநீர் குடித்தார். ஒருநாள் வண்டியில் முன் இருக்கையில் ஒரு கிழவர் ஏறினார். கூட வந்த பெண் அவர் வாயோரத்தில் வடிந்ததைத் துடைத்துவிட்டுக்கொண்டே வந்தாள். மகளா என்று தேபான் கேட்டார். இல்லை, வேலைக்கு இருக்கிறேன், எனக்குத் தாத்தா மாதிரி என்றாள் அவள். கிழவர் வாதம் தாக்காத கையால் அவள் பாவாடை நுனியைப் பிடித்தபடியே இருந்தார். இறங்கும்போதும் விடவில்லை. தேபான் இறங்கிப் போய் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார்.

அன்று மாலை ரோவெனாவிடம், ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் இருக்கிறதா பார் என்றார். அம்மாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், சொன்னால் வராதே என்று சொல்லிவிடுவாள் என்றார்.

வருகைக் கூடத்தில் அன்று அவருக்காக யாருமில்லை. முதல் தடவையாகத் தனியாக வெளியே வந்தார். பேருந்து நிறுத்தத்தில் எழுத்துகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்று, சென்ட்ரல் என்று எழுதியிருந்த ஒன்றில் ஏறினார். அது எந்தெந்தக் குடியிருப்புக்குள்ளோ நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. இறங்கியபின் நடைபாலங்களில் இரண்டு முறை தப்பான பக்கம் போனார். அட்டைகளுக்கு நடுவே, செருப்புகளைத் தாண்டித் தாண்டி, ஆயிரம் பெண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே போனார். சிலர் சீட்டு ஆடினார்கள், சிலர் பெட்டி கட்டினார்கள், ஒருத்தி பாட்டுக்கு ஆடப் பழகினாள். மாரிட்டெஸ்தான் முதலில் பார்த்தாள். அவள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அட்டையில் ஓர் இடம் விட்டாள்.

தேபான் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். நிங் பம்ளிமாஸ் பழத்தின் தடித்த தோலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கை ஒரு கணம் நின்றது, பிறகு மறுபடி உரித்தது. வெள்ளைத் தோலைச் சுத்தமாக எடுத்து, ஒரு சுளையைப் பிரித்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கித் தின்றார். இன்னொன்று கொடுத்தாள். அதையும் தின்றார்.

"பெரியவர் எப்படி இருக்காரு?" என்றார்.

"அப்படியேதான். நேத்து கொஞ்சம் கஞ்சி குடிச்சாரு." கையைத் துடைத்துக்கொண்டே, "எதுல வந்த?" என்றாள்.

"பஸ்ல."

"எந்த பஸ்?"

நம்பரைச் சொன்னார். நிங் தலையில் அடித்துக்கொண்டாள். மாரிட்டெஸ் பக்கம் திரும்பி, கேட்டியா என்பதுபோல் பார்த்தாள்.

"அது ஊரச் சுத்தி வர்ற பஸ், தேபான். விமானத்துல வந்த நேரத்துல பாதிய அதுலயே விட்டிருப்ப" என்றாள். எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "வா, நேர் பஸ் எங்க நிக்கும்னு காட்டறேன். அடுத்த தடவை நான் வர லேட்டானா நீயே வந்துடு."